பார்வை குறைந்த அப்பாவுடன் பழைய ‘ஸ்டார் ட்ரெக்’: எதைக் காட்டுவது, எதை விடுவது?

தண்டையார்பேட்டைக்காரி எழுதுகிறார்:

வணக்கம். கேள்வி கடைசியில்தான் வரும். அதற்கு முன் எங்கள் வீட்டு நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கேள்வி புரியாது.

அப்பாவுக்கு 76 வயது. சென்னைத் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டியவர். மூன்று ஆண்டுகளாக இரண்டு கண்களிலும் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டே வருகிறது. நேராகப் பார்க்கும் இடத்தில் மங்கலான திட்டு; ஓரங்களில் மட்டும் நிறமும் அசைவும் தெரிகின்றன. எதிரில் உட்கார்ந்தால் என் முகம் அவருக்குத் தெரியாது. என்ன நிறப் புடவை என்று சொல்லிவிடுவார்.

எண்பதுகளில் ஞாயிறு காலையில் தூர்தர்ஷனில் ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற அமெரிக்க விண்வெளிக் கப்பல் தொடர் வந்தது பலருக்கு நினைவிருக்கும். எங்கள் தெருவில் ஒரே வீட்டில்தான் டிவி, அதுவும் கறுப்பு வெள்ளை. இரவு ஷிப்ட் முடிந்து வந்த அப்பா தூங்காமல் என்னையும் அண்ணனையும் அழைத்துக்கொண்டு அங்கே போய்விடுவார். அந்த அறையில் ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. முகத்தையும் கையையும் பார்த்து அப்பா கதையை ஊகித்து எங்களுக்குச் சொல்வார். கூர்க்காது கொண்ட வேற்றுக்கிரக அதிகாரி ஸ்பாக்குக்கு அவர் வைத்த பெயர் ‘காதுக்காரர்’.

சென்ற ஆண்டு அண்ணன் சிங்கப்பூரிலிருந்து மூன்று பருவங்களின் டிஸ்க்குகளையும் அனுப்பினான். 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான 79 அத்தியாயங்கள். புதன், ஞாயிறு மாலைகளில் பார்க்கிறோம். நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளின் சத்தம் ஓயாது என்பதால் ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒவ்வொரு வசனத்துக்கும் படத்தை நிறுத்தி நான் தமிழில் சொல்கிறேன். 50 நிமிடக் கதை ஒன்றரை மணி நேரமாகிறது. முன்பு அவர் எனக்குச் சொன்னார், இப்போது நான் அவருக்குச் சொல்கிறேன்.

நான் மண்ணடியில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கடிதம் எழுதும் அளவுக்கு ஆங்கிலம் உண்டு. ஸ்பாக் பேசும் ஆங்கிலத்துக்கு அது போதவில்லை. ‘லாஜிக்’ என்பதற்கு முதல் நாள் ‘தர்க்கம்’ என்றேன். அப்பா கையமர்த்தி, “கணக்கு என்று சொல்” என்றார். அன்று முதல் எங்கள் வீட்டில் ஸ்பாக், “இது கணக்குக்கு ஒத்துவரவில்லை, கேப்டன்” என்றுதான் பேசுகிறார். கீழே கிரகத்தில் நிற்கும் ஆட்களைக் கப்பலுக்குள் எடுக்கும் கருவிக்கு நான் ஏதேதோ சொல்லித் தடுமாறியபோது, “தூக்கு. அவ்வளவுதானே?” என்றார். கேப்டனின் லாக், அதாவது கப்பலின் நாட்குறிப்பு, மட்டும் லாக்காகவே இருக்கிறது. கப்பலில் லாக் இல்லாமல் எப்படி என்று அவரே கேட்டார்.

அன்று கறுப்பு வெள்ளையில் பார்த்தவருக்கு இன்று எஞ்சியிருப்பது நிறம் ஒன்றுதான். மஞ்சள் அசைந்தால் கேப்டன், நீலம் அசைந்தால் ஸ்பாக் அல்லது டாக்டர். சிவப்புச் சட்டை போட்ட இளைஞன் யாராவது கூட இறங்கினால், “ஐயோ, இந்தப் பிள்ளையையும் கூட்டிப்போகிறார்களா?” என்று நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார். சிவப்புச் சட்டை ஆட்கள் எப்படியும் இறந்துவிடுவார்கள் என்பது அவருக்கு ஐந்தாறு கதைகளிலேயே பிடிபட்டுவிட்டது.

அவருடைய காது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டாம் பருவத்தில் ஸ்பாக்கின் தந்தை சாரெக் வரும் ‘ஜர்னி டு பேபல்’ பார்த்துக்கொண்டிருந்தோம். சாரெக் இரண்டு வாக்கியம் பேசியதும், “இது அந்த எதிரிக் கப்பல் கேப்டனின் குரல்” என்றார். எந்த எதிரி என்று எனக்குப் புரியவில்லை. தேடிப் பார்த்தேன். முதல் பருவத்தின் ‘பேலன்ஸ் ஆஃப் டெரர்’ கதையில் ரோமுலன் தளபதியாக நடித்த மார்க் லெனார்ட்தான் சாரெக்காகவும் நடித்தவர். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிற எனக்கு அது தோன்றவே இல்லை.

அவருக்கு மிகவும் பிடித்தது 1967-இல் வந்த ‘தி டெவில் இன் தி டார்க்’. சுரங்கத் தொழிலாளர்களைக் கொல்லும் கல் மிருகமான ஹோர்ட்டா, உண்மையில் தன் முட்டைகளைக் காக்கும் தாய். தொழிலாளர்கள் உடைத்துத் தள்ளிய உருண்டைகள்தாம் அந்த முட்டைகள். அது பாறையில் பொசுக்கி எழுதும் மூன்று ஆங்கிலச் சொற்களுக்கு, “கொல்லாதே, நான்” என்றேன். “என்னைக் கொல்லாதே என்கிறதா, நான் கொல்ல மாட்டேன் என்கிறதா?” என்று அப்பா கேட்டார். படத்தை ஓட்டினால் கேப்டன் கிர்க்கும் அதையே கேட்கிறார்! காயம்பட்ட ஹோர்ட்டாவுக்கு சிமெண்ட் போன்ற பூச்சைக் குழைத்து அப்ப வேண்டிய இடத்தில் டாக்டர் மெக்காய், “நான் டாக்டர், கொத்தனார் இல்லை” என்பார். அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த ஒரு வரிக்காக மறுபடியும் போட்டோம்.

இப்போது கேள்வி. முதல் பருவத்தின் கடைசிக் கதையான ‘ஆபரேஷன்: அனைலேட்’ கதையில் ஸ்பாக்கின் பார்வை போய்விடுகிறது. கடைசி நிமிடங்களில் திரும்பிவிடுகிறது. அதை அப்பாவிடம் சொல்லாமல் தாண்டி, அடுத்த டிஸ்க்கைப் போட்டுவிட்டேன். அவருக்குத் திரும்பாது என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். நான் செய்தது சரியா? இன்னும் இப்படி எந்தெந்தக் கதைகள் இருக்கின்றன? குரலாலும் நிறத்தாலும் நிற்கக்கூடிய கதைகள் எவை? பிறகு வந்த தொடர்களிலும் சொல்லுங்கள்.

பெரம்பூர் படச்சுருள்:

சகோதரி, முதலில் டிஸ்க்கைப் பற்றி. அண்ணன் அனுப்பியது புளூ-ரே என்றால் அதில் இரண்டு வடிவங்கள் இருக்கும். ஒன்று 1966-இல் எடுத்தபடியே. மற்றது 2006 முதல் கணினியில் புதிதாகச் செய்த விண்வெளிக் காட்சிகளோடு. அப்பாவுக்குப் பழையதையே போடுங்கள். புதிய காட்சிகளில் கப்பல் நுணுக்கமாக இருக்கும், ஆனால் அந்த நுணுக்கம் விழுவது திரையின் நடுவில். ஓரப்பார்வைக்கு வேண்டியது பெரிய, அழுத்தமான நிறங்கள். அவை எந்த வடிவத்திலும் குறையவில்லை. ஒளிபரப்பிய என்பிசியின் தாய் நிறுவனமான ஆர்சிஏ அந்தக் காலத்தில் கலர் டிவிப் பெட்டி விற்றுக்கொண்டிருந்தது. கலர் பெட்டி வாங்க வைக்கவே சுவருக்கு ஊதாவும் சட்டைக்குச் சிவப்பும் தாராளமாகக் கொடுத்தார்கள். கேப்டனின் மஞ்சள் சட்டை உண்மையில் பச்சை கலந்த துணி. விளக்கொளியிலும் படச்சுருளிலும் மஞ்சளாக விழுந்தது. அப்பாவிடம் சொல்லுங்கள், ரசிப்பார்.

ஹோர்ட்டாவாகத் தரையில் தவழ்ந்தவர் ஜானோஸ் புரோஹாஸ்கா. அந்த உடையைச் செய்தவரும் அவரே. அந்த அத்தியாயத்தின் படப்பிடிப்பு நடந்தபோதுதான் கேப்டன் கிர்க்காக நடித்த ஷாட்னரின் தந்தை இறந்த செய்தி வந்தது. விமானத்துக்கு நேரமாகும்வரை நின்று நடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதைப் படித்த பிறகு அந்தக் கதையை முன்போல் பார்க்க முடிந்ததில்லை.

பிறகு வந்த ‘ஸ்டார் ட்ரெக்: அடுத்த தலைமுறை’ தொடரில் ‘தி மெஷர் ஆஃப் எ மேன்’ (1989) போடுங்கள். டேட்டா என்ற இயந்திர மனிதன் ஆளா, உடைமையா என்ற வழக்கு. முழுவதும் பேச்சு. துறைமுகத்தில் வேலை செய்தவருக்கு அந்த வாதத்தில் ஒரு சொல்லும் அந்நியமாக இருக்காது.

காசிமேடு என்ஜின் அறை:

அக்கா, நான் விசைப்படகு என்ஜின் பார்ப்பவன். ‘தூக்கு’ என்று படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அப்பாவுக்கு ‘தி டூம்ஸ்டே மெஷின்’ (1967) போட்டாகிவிட்டதா? கிரகங்களைத் தின்னும் இயந்திரத்தின் வாய்க்குள் ஒரு பழுதான கப்பலை ஓட்டிவிட்டு, வெடிப்பதற்குள் கேப்டனை மேலே எடுக்க வேண்டும். நொடிகள் எண்ணப்படுகின்றன, அந்த நேரம் பார்த்துத் தூக்கும் கருவி நின்றுவிடுகிறது. என்ஜினியர் ஸ்காட்டி குழாய்க்குள் தலையை விட்டுச் சரிசெய்கிறார். சரக்கு அந்தரத்தில் தொங்கும்போது விஞ்ச் நின்றால் என்ன ஆகும் என்று அப்பாவுக்கு யாரும் விளக்க வேண்டாம். அந்த இடத்தில் மட்டும் தமிழில் சொல்வதற்காக நிறுத்தாதீர்கள், ஓட விடுங்கள்.

உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்லத் தகுதியானவன் இல்லை. என் அப்பாவிடம் நாங்கள் அவருடைய இதயக் கோளாறைச் சொல்லாமல் மறைத்தோம். இன்னும் உறுத்துகிறது.

வியாசர்பாடி ஆசிரியர்:

நான் மாறுபடுகிறேன். தாண்டியது சரிதான். ஆனால் காரணம் அப்பாவின் கண் இல்லை. அந்த முடிவு பலவீனமானது. ஸ்பாக்கின் இனத்துக்கு உள்ளே இன்னோர் இமை உண்டு, அது ஒளியைத் தடுத்துவிட்டது என்று கடைசி நேரத்தில் சொல்லிப் பார்வையைத் திருப்பித் தருகிறார்கள். இழப்பைக் காட்டிவிட்டு அதைத் தாங்கும் துணிவு கதைக்கு இல்லை. நல்ல கதைகள் இத்தனை இருக்கும்போது அதற்கு ஏன் ஒன்றரை மணி நேரம்?

அடுத்த தலைமுறைத் தொடரின் ‘டார்மாக்’ (1991) போடுங்கள். அதில் வரும் அந்நிய இனத்தார் பழங்கதைகளைச் சுட்டியே பேசுவார்கள். ‘அரிச்சந்திரன், சுடுகாட்டில்’ என்றால் நமக்கு ஒரு வாழ்க்கையே விரிகிறதே, அப்படி. அவர்களுடைய கதைகள் தெரியாததால் கேப்டன் பிக்கார்டுக்குச் சொல் புரிந்தும் பொருள் புரியாது. நீங்கள் சொல்லை மட்டும் தமிழில் தாருங்கள், பொருளைத் தராதீர்கள். அப்பா தானே கண்டுபிடிக்கட்டும். 1992-இல் வந்த ‘தி இன்னர் லைட்’ கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு புல்லாங்குழல் இருக்கிறது, கதையின் பாதியை அது சொல்லிவிடும்.

திருவொற்றியூர் கடற்கரை:

தோழி, எனக்குப் பத்து வயது முதல் பார்வை இல்லை. கணினி படித்துக் காட்ட, கேட்டு எழுதுகிறேன். ஆசிரியர் ஐயா சொன்னதில் கதையைப் பற்றிய பகுதியை ஒப்புக்கொள்கிறேன். தாண்டலாம் என்பதை ஒப்பவில்லை.

என் வீட்டிலும் எனக்காக நிறையத் தாண்டினார்கள். சேனலை மாற்றினார்கள், பாட்டை நிறுத்தினார்கள், உறவினர் பேச்சைத் திருப்பினார்கள். ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரிந்தது. பேச்சு அறுபடும் இடம் காதுக்கு எப்போதும் கேட்கும். உங்கள் அப்பா சாரெக்கின் குரலை இரண்டு வாக்கியத்தில் பிடித்தவர்.

கேட்ட பட்டியலைத் தருகிறேன், மறைப்பதற்காக இல்லை. மூன்றாம் பருவத்தில் ‘இஸ் தேர் இன் ட்ரூத் நோ பியூட்டி?’ கதையில் மிராண்டா ஜோன்ஸ் என்ற பெண் வருவார். பார்வை இல்லாதவர்; உடையில் தைத்த உணர்கருவி வலையால் சுற்றுப்புறத்தை அறிந்துகொள்வார். மற்றவர்களின் இரக்கத்தை அவர் வெறுக்கிறார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். பிறகு 1987-இல் தொடங்கிய தொடரில் ஜியோர்டி லா ஃபோர்ஜ். பிறவியிலேயே பார்வையற்றவர், முதலில் கப்பலைச் செலுத்துபவர், பிறகு தலைமை என்ஜினியர். கண்ணில் வளைவாக ஒன்றை மாட்டியிருப்பார். அது நமக்குத் தெரியாத ஒளியெல்லாம் காட்டும், கூடவே ஓயாத வலியும் தரும். அந்த வலியை எழுதியவர்களுக்கு நன்றி சொல்வேன். அதை மாட்டி நடித்த லெவார் பர்ட்டனுக்கு, மாட்டியதும் எதிரில் இருப்பது பெரும்பாலும் மறைந்துவிடுமாம். தசை நோயோடு வாழ்ந்து 1975-இல் மறைந்த ஜார்ஜ் லா ஃபோர்ஜ் என்ற ரசிகரின் பெயரைத்தான் அந்தப் பாத்திரத்துக்கு வைத்தார்கள்.

அப்பாவிடம் கேளுங்கள். அவருக்காக நீங்கள் தீர்மானிக்க வேண்டாம்.

தண்டையார்பேட்டைக்காரி எழுதுகிறார்:

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னியுங்கள். எல்லாப் பதில்களையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். திருவொற்றியூர் தோழியின் பதிலை மட்டும் முதலில் படிக்கவில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

டூம்ஸ்டே மெஷினை நிறுத்தாமல் ஓட்டினேன். கருவி நின்றபோது அப்பாவின் வலது கை நாற்காலிக் கையைப் பிடித்து மெல்லப் பின்னுக்கு இழுத்தது. பிரேக். காசிமேட்டுத் தம்பி, உனக்காகச் சொல்கிறேன்: கேப்டன் வந்து சேரும்வரை அந்தப் பிடியை அவர் விடவில்லை.

டார்மாக்கை மகன் தன் இணையச் சந்தாவில் எடுத்துக் கொடுத்தான். கேப்டன் சிவப்புச் சட்டையில் வந்ததும் அப்பா பதறிவிட்டார். இந்தத் தொடரில் நிறம் மாறிவிட்டது, கேப்டனுக்குச் சிவப்பு, என்ஜின்காரர்களுக்கு மஞ்சள் என்று விளக்க வேண்டியிருந்தது. ஆசிரியர் ஐயா சொன்னபடி சொல்லை மட்டும் கொடுத்தேன். இரவில் பிக்கார்டுக்கு நெருப்பு மூட்ட வரவில்லை. அந்நிய இனத் தலைவர் எரியும் கொள்ளி ஒன்றை அவர் பக்கம் வீசி, “டெம்பா, கைகளை விரித்தபடி” என்கிறார். நான் வாக்கியத்தை முடிக்கவில்லை, அப்பா, “தருகிறேன், வாங்கிக்கொள் என்கிறான்” என்றார். பிக்கார்டுக்கு அது புரிய இன்னும் சற்று நேரமாகிறது.

பிறகு படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுத் துறைமுகக் கதை சொன்னார். வெளிநாட்டுக் கப்பல், கூச்சல், ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. சரக்கு அறையின் வாயில் நிற்கும் சைகைக்காரர் முன்கையை உயர்த்தி விரலைச் சுழற்றினால் தூக்கு, தாழ்த்திச் சுழற்றினால் இறக்கு. சொல்லும்போதே கை தானாக எழுந்தது, ஆள்காட்டி விரல் சின்ன வட்டம் போட்டது. “அந்த விரலை நம்பித்தான் கீழே எட்டுப் பேர் நிற்பார்கள்” என்றார். இத்தனை வருடத்தில் இதை நான் கேட்டதில்லை.

மறுபடி ஓட்டினேன். பிக்கார்டுக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்ததும் அந்தத் தலைவர் மகிழ்ந்து கூவும் வரி: “சோகத், கண்கள் திறந்தன.” சொன்னேன், ஆனால் மெதுவாகச் சொன்னேன் போலிருக்கிறது.

“ஏன் குரலை இறக்குகிறாய்?”

“ஒன்றுமில்லை அப்பா.”

“முதல் பெட்டியில் 29 கதை என்று உன் அண்ணன் சொன்னான். நாம் பார்த்தது 28.”

ஸ்லிங், அதாவது ஒரு தூக்கில் ஏறும் சரக்குக் கட்டு, எத்தனை என்று எண்ணுவது கணக்கெழுதும் டாலிக்காரரின் வேலை. ஆனால் விஞ்சில் இருந்தபடியே இவரும் மனத்துக்குள் எண்ணுவாராம். என்னிடம் சொல்லாமல் ஐந்து மாதமாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். தோழியின் பதிலை அப்போதுதான் எடுத்து முழுவதும் படித்தேன். நடுவில் ஒரு முறை, “அந்த வரியை இன்னொரு தரம்” என்றார். பேச்சு அறுபடும் இடம் பற்றிய வரி.

ஞாயிற்றுக்கிழமை அந்த அத்தியாயத்தைப் பார்த்தோம். கேப்டனின் அண்ணன் இறந்து கிடக்கிறார், ஸ்பாக்கின் முதுகில் ஜந்து ஒட்டிக்கொள்கிறது, அதைக் கொல்லப் பேரொளியை அவர் கண்ணைக் காக்காமல் தாங்குகிறார். சோதனை அறையிலிருந்து வெளியே வந்து மேசையில் இடித்துக்கொள்கிறார். அப்பாவின் கால் விரல்கள் சட்டென்று மடங்கின. ஸ்பாக் பேசுவதை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்: “ஜந்து போய்விட்டது, வலியும் போய்விட்டது. பார்வையும் போய்விட்டது. கொடுத்ததற்கும் வாங்கியதற்கும் கணக்கு நேர், டாக்டர். நன்றி.”

“நிறுத்து” என்றார். நிறுத்தினேன்.

“கணக்கு நேர் இல்லை. அவனுக்கும் அது தெரியும். டாக்டர் நொந்துபோகக் கூடாது என்று சொல்கிறான்.”

எனக்கு உடனே பேச வரவில்லை. அவர் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். குடித்துவிட்டு, “சரி, ஓட்டு” என்றார்.

பார்வை திரும்பும் இடத்தையும் சொன்னேன், குரலை இறக்காமல். அந்த உள் இமை முதலைக்கு இருப்பதைப் போன்றதா என்று கேட்டார். அப்படித்தான் இருக்கும் என்றேன். “நல்லது, அவனுக்குக் கிடைத்துவிட்டது” என்றார். ஆசிரியர் ஐயா, அவருக்கும் முடிவு பிடிக்கவில்லை. முழுச் சூரிய ஒளியும் தேவையில்லை, கண்ணுக்குத் தெரியாத கதிரே போதும் என்று பரிசோதனை முடிவு பிறகு வருகிறதல்லவா? அந்தத் தாளுக்குப் பத்து நிமிடம் காத்திருக்காதது பெரிய தவறு என்று இரவுச் சாப்பாடு வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பருவத்தில் இன்னும் நான்கு கதைகள் பாக்கி. பிறகு மிராண்டா ஜோன்ஸ் வரும் கதைக்கு நேரே போக வேண்டும் என்கிறார், வரிசை பிறகு பார்க்கலாமாம். திருவொற்றியூர் தோழிக்கு அப்பாவின் கேள்வி ஒன்று: கண்ணில் மாட்டிக்கொள்ளும் அந்த என்ஜினியரை எந்தக் கதையிலிருந்து தொடங்குவது? புதன்கிழமைக்குள் சொன்னால் நல்லது.